காதில் ஓயாத ஒலி, கண்ணில் ஓயாத புள்ளிகள்: பதின்ம வயதினருக்கான முழுமையான வழிகாட்டி

கரண்ட் போய் மின்விசிறி நின்றதும் காதுக்குள் கூர்மையான ஒரு கீச்சொலி எழுந்து நிற்கிறது. வெள்ளைச் சுவரையோ தெளிந்த வானத்தையோ பார்த்தால் பார்வை முழுவதும் நுண்ணிய புள்ளிகள் கொதித்துக்கொண்டே இருக்கின்றன, சேனல் கிடைக்காத பழைய டி.வி. திரையைப் போல. கண்ணை மூடினாலும் பலருக்கு அவை போவதில்லை. கண் மருத்துவர் கண்ணில் கோளாறு இல்லை என்கிறார். காது மருத்துவர் காதில் கோளாறு இல்லை என்கிறார். வீட்டிலோ போன் பார்ப்பதைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள்.

எனக்கு இவை இரண்டும் பதினொன்றாம் வகுப்பில் தொடங்கின. இன்றும் இருக்கின்றன. ஆனாலும் படித்து முடித்தேன், வேலைக்குப் போகிறேன், பெரும்பாலான நாட்களில் அவற்றை நினைப்பதே இல்லை. இந்த நிலைக்கு வருவதற்கு ஒரு வரிசை உண்டு. ஆபத்தான காரணம் எதுவும் இல்லை என்பதை முதலில் ஒருமுறை முறையாக உறுதிசெய்துகொள்ள வேண்டும். அதன்பின் நாள்தோறும் சோதித்துப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். முதலாவதைத் தாண்டிக் குதிக்கவும் கூடாது, முதலாவதிலேயே ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கவும் கூடாது.

முதல் படி: நடப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

வெளியே ஒலி இல்லாதபோதும் காதில் ஒலி கேட்பதை மருத்துவர்கள் டின்னிட்டஸ் என்கிறார்கள். காது இரைச்சல் என்றால் எல்லோருக்கும் புரியும். விசில், சில்வண்டு, காற்று, மின்மாற்றியின் ரீங்காரம் என ஒவ்வொருவருக்கும் அது ஒவ்வொரு மாதிரி கேட்கும். காதிலிருந்து வரும் செய்தி கொஞ்சம் குறைந்தாலும் மூளை தன் பக்கத்தில் ஒலிப்பெருக்கத்தைக் கூட்டிக்கொள்கிறது, அப்போது நரம்புகளின் இயல்பான சலசலப்பே ஒலியாகக் கேட்கத் தொடங்குகிறது என்பது ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் விளக்கம். 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், செவித்திறன் நன்றாக இருந்த 80 பேரை ஒலிபுகா அறையில் உட்காரவைத்தனர். அவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏதோ ஓர் ஒலி கேட்பதாகச் சொன்னார்கள். நிசப்தத்தில் தேடினால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஏதாவது கேட்கும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கண்ணில் தெரியும் புள்ளிகளுக்கு விஷுவல் ஸ்னோ என்று பெயர். மூன்று மாதத்துக்கு மேல் பார்வைப் பரப்பு முழுவதும் புள்ளிகள் ஓயாமல் துடிப்பதோடு, வேறு நான்கு தொல்லைகளில் குறைந்தது இரண்டு இருந்தால் அதை விஷுவல் ஸ்னோ சிண்ட்ரோம் என்கிறார்கள். பார்த்த பொருள் விலகிய பின்னும் அதன் நிழல் கண்ணில் தங்குவது அல்லது நகரும் பொருளுக்குப் பின்னால் வால்போல் தெரிவது ஒன்று. வானத்தைப் பார்க்கும்போது பூச்சி பறப்பது, ஒளிப்பொறிகள் ஓடுவது போன்றவை அளவுக்கு மீறித் தெரிவது இன்னொன்று. வெளிச்சம் கூசுவதும் இருட்டில் பார்வை மங்குவதும் மற்ற இரண்டு. கிறிஸ்டோஃப் ஷான்கின், பீட்டர் கோட்ஸ்பி உள்ளிட்டோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வுதான் இது ஒற்றைத்தலைவலியின் கண்மயக்கத்திலிருந்து வேறான ஒரு நிலை என்று நிறுவியது. கண்ணிலிருந்து வரும் காட்சியைச் சீர்ப்படுத்தும் மூளைப்பகுதி ஒன்று விஷுவல் ஸ்னோ உள்ளவர்களிடம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இயங்குவதையும் ஸ்கேனில் கண்டார்கள். விஷுவல் ஸ்னோ உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் காது இரைச்சலும் உண்டு. ஆகவே உங்களுக்கு இரண்டும் சேர்ந்து வந்திருந்தால், இரண்டு தனித்தனி நோய்கள் ஒரே நேரத்தில் தாக்கிவிட்டன என்று கலங்க வேண்டாம்.

கண் பறிபோகுமா, செவிடாகிவிடுமா என்பதுதான் எல்லோரையும் தூங்கவிடாத கேள்வி. விஷுவல் ஸ்னோ சிண்ட்ரோம் கண்ணைக் குருடாக்குவதில்லை. இரைச்சல் காதைச் செவிடாக்குவதில்லை. செவித்திறன் குறைந்தால் காது இரைச்சல் வரலாம், அந்தக் காது இரைச்சலால் செவித்திறன் குறையாது.

இரண்டாம் படி: காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

ஒரு காது திடீரென மந்தமாகி, அதோடு இரைச்சலும் வந்தால் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். சளி அடைத்திருக்கும் என்று வாரக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரங்களுக்குள்தான் நன்றாகப் பலிக்கும். ஒரு காதில் மட்டும் நீடிக்கும் இரைச்சல், அதோடு சேர்ந்த தலைசுற்றல், முகம் ஒரு பக்கம் இழுப்பது ஆகியவற்றையும் காத்திருக்கவைக்கக் கூடாது.

கண்ணில் திடீரென நிறையப் பூச்சிகள் பறந்தால், ஓரத்தில் மின்னல் வெட்டினால், திரை இறங்கியதுபோல் ஒரு பகுதி மறைந்தால் அது விழித்திரை விலகலாக இருக்கலாம். அதிகப் பவர் கண்ணாடி போடுபவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். விஷுவல் ஸ்னோவின் புள்ளிகள் பார்வை முழுக்க, இரண்டு கண்ணிலும், எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். ஒரே கண்ணில், ஒரே மூலையில், புதிதாக வந்தது என்றால் அது வேறு விஷயம்.

காதும் கண்ணும் சேர்ந்து எச்சரிக்கும் நிலை ஒன்று உண்டு. பதின்ம வயதினர் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். நாடித்துடிப்போடு ஒத்துப்போகும் 'உஷ் உஷ்' என்ற இரைச்சல், தலைவலி, குனிந்து நிமிரும்போது சில நொடிகள் பார்வை மங்கல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் கூடியிருக்கலாம். கவனிக்காமல் விட்டால் பார்வை நரம்பு பாதிக்கப்படும். எடை கூடிய இளம்பெண்களிடம் இது அதிகம். முகப்பருவுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின், மினோசைக்ளின், ஐசோட்ரெட்டினோயின் மாத்திரைகளாலும் வரலாம். நீங்கள் அவற்றில் ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி அதுதான். நாடியோடு ஒத்த இரைச்சலுக்கு ரத்தசோகையும் காரணமாகலாம் என்பதால் ஹீமோகுளோபின் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது.

மூன்றாம் படி: ஒரே தாளை இரண்டு மருத்துவரிடமும் காட்டுங்கள்

காது மருத்துவரிடம் காதைப் பற்றி மட்டும், கண் மருத்துவரிடம் கண்ணைப் பற்றி மட்டும் சொல்வது நம் வழக்கம். இந்த விஷயத்தில் அது உதவாது. ஒரு முழுத்தாளை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். எப்போது தொடங்கியது, ஒரு காதிலா இரண்டிலுமா, நாடியோடு துடிக்கிறதா, புள்ளிகள் பார்வை முழுவதும் இருக்கின்றனவா, நிழல் தங்குகிறதா, இருட்டில் எப்படி, வெளிச்சம் கூசுகிறதா, ஒற்றைத்தலைவலி உண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று எல்லாமும் அதில் வரட்டும். ஜென்டாமைசின், அமிக்காசின் ஊசிகளும் அளவு மீறிய ஆஸ்பிரினும் காதைப் பாதிக்கக் கூடியவை. கஞ்சாவோ வேறு போதைப்பொருளோ பயன்படுத்தியிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். சில போதைப்பொருள்கள் இதே மாதிரியான காட்சித் தொல்லைகளை நிரந்தரமாக விட்டுச்செல்லக் கூடும். வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சினால், மருத்துவரிடம் தனியாகப் பேச ஐந்து நிமிடம் கேளுங்கள்.

காதுக்கு என்ன செய்வார்கள்? முதலில் உள்ளே குரும்பி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். குரும்பிதான் காரணம் என்றால் எடுத்தவுடன் தீர்ந்துவிடும். அதற்காக வீட்டில் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றுவதோ ஹேர்ப்பின்னால் குடைவதோ வேண்டவே வேண்டாம். பின்னர் செவித்திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலேயே அது கிடைக்கும். எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. தேவைப்படாது. ஒரு காதில் மட்டும் இரைச்சல், இரண்டு காதின் செவித்திறனில் வித்தியாசம் போன்ற காரணம் இருந்தால் கேட்பார்கள்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும். பார்வைப் பரப்புச் சோதனையும் விழித்திரையைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனும் பெரும்பாலும் எடுப்பார்கள். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் எழுத்து மங்கும், வெளிச்சம் கூசும். மறுநாள் தேர்வு இருக்கும் நாளில் போகாதீர்கள், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். இருட்டில் பார்வை மங்குகிறது என்பதைக் கண் மருத்துவரிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். வைட்டமின் ஏ குறைபாடு, விழித்திரையைப் படிப்படியாகப் பாதிக்கும் பரம்பரை நோய் ஆகியவற்றிலும் மாலைக்கண் வரும். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் திருமணம் நடந்த குடும்பங்களில் அந்தப் பரம்பரை நோய்க்கு வாய்ப்பு அதிகம். வீட்டில் வேறு யாருக்காவது இரவில் கண் தெரியாமல் இருந்ததா என்று பாட்டியிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

விஷுவல் ஸ்னோவைப் பற்றிக் கேள்விப்படாத மருத்துவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு மருத்துவமனையில், எனக்கு வந்ததெல்லாம் பரீட்சைப் பயம் என்று சொல்லி அனுப்பினார்கள். விஷுவல் ஸ்னோ என்ற பெயரைத் தாளின் தலைப்பில் எழுதிக் காட்டியிருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும் என்பது என் எண்ணம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா போன்ற பெரிய இடங்களில் நரம்பியல் கண் மருத்துவத்துக்குத் தனிப்பிரிவு உண்டு. ஊர் மருத்துவரிடம் அங்கே ஒரு பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

பரிசோதனை எல்லாம் நார்மல் என்று வந்தால் மனம் உடைய வேண்டாம். இந்த நிலையின் இயல்பே அதுதான். நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்பதற்கு அது சான்று ஆகாது.

நான்காம் படி: மருந்து பற்றித் தெளிவாக இருங்கள்

இரைச்சலை நிறுத்தும் மாத்திரை என்று எதுவும் இதுவரை இல்லை. நம் ஊரில் தாராளமாக எழுதித்தரும் பீட்டாஹிஸ்டினை, இரைச்சலுக்கு மட்டுமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது பிரிட்டனின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரை, விலையுயர்ந்த வைட்டமின் டப்பாக்கள் ஆகியவற்றுக்கும் பலன் நிரூபிக்கப்படவில்லை. விஷுவல் ஸ்னோவுக்கு லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்தைச் சிலருக்குக் கொடுக்கிறார்கள். சிறுபான்மையினருக்கே ஓரளவு குறைகிறது. அது தோலில் கடுமையான தடிப்பை உண்டாக்கக் கூடும், சிறு வயதினரிடம் அந்த ஆபத்து கூடுதல். நரம்பியல் மருத்துவர் தொடர்ந்து கவனிக்காமல் அதைத் தொடவே கூடாது.

இரைச்சலால் வரும் துயரத்தைக் குறைப்பதில் வலுவான சான்று உள்ளது அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்குத்தான். இது மனநல நிபுணரோடு உட்கார்ந்து செய்யும் பேச்சுப் பயிற்சி. ஒலியின் அளவை அது மாற்றாது, ஒலி உங்கள் நாளைக் கெடுக்கும் அளவை மாற்றும். செவித்திறன் குறைந்திருந்தால் காதுக்கருவியும் பலருக்கு இரைச்சலைத் தணிக்கிறது.

ஐந்தாம் படி: சோதித்துப் பார்ப்பதை நிறுத்துங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

காலையில் விழித்தவுடன், அசையாமல் படுத்து, இன்றைக்கு எவ்வளவு கேட்கிறது என்று கூர்ந்து கவனிப்போம். குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடியும் கேட்போம். பள்ளியில் வெள்ளைச் சுவர் கண்ணில் பட்டால் நின்று, புள்ளிகள் நேற்றைவிட அடர்த்தியா என்று பார்ப்போம். கையை முகத்துக்கு முன் வீசி வால் தெரிகிறதா என்று பார்ப்போம். இரவு இணையத்தில், தீராது என்று யாரோ எழுதியதைப் படிப்போம். ஒவ்வொரு சோதனையும் மூளைக்கு, இது முக்கியமானது, கண்காணிக்க வேண்டியது என்று கற்பிக்கிறது. மூளை அச்சுறுத்தலாக முத்திரை குத்திய எதையும் பின்னுக்குத் தள்ளாது. மின்விசிறியின் ஓசையை நீங்கள் நாள் முழுக்கக் கேட்காமல் இருப்பது அது மெல்லிய ஓசை என்பதால் இல்லை, அதற்கு யாரும் முக்கியத்துவம் கொடுக்கவில்லை என்பதால். காது இரைச்சலும் புள்ளிகளும் அந்தப் பட்டியலில் சேர வேண்டும். இதற்கு மாதங்கள் ஆகும்.

செய்யும் முறை இதுதான். உங்கள் சோதனைகள் எவை என்று முதலில் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் நான்கைந்து இருக்கும். அவற்றில் எளிதாக விடக்கூடிய ஒன்றை இந்த வாரம் விடுங்கள். கை வீசிப் பார்ப்பது என்றால் அதை மட்டும். அடுத்த வாரம் இன்னொன்று. தானாகக் கவனம் அங்கே போய்விட்டால் அதோடு சண்டை போடாதீர்கள். 'இருக்கிறது, சரி' என்று மனத்துக்குள் சொல்லிவிட்டுக் கையிலுள்ள வேலையில் தொட்டு உணரக்கூடிய ஏதாவது ஒன்றுக்குக் கவனத்தைக் கொண்டுவாருங்கள்: பேனாவின் பிடி, தரையின் குளிர்ச்சி, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில். ஒலி குறைந்ததா என்று திரும்பிப் பார்க்கக் கூடாது, அதுவும் ஒரு சோதனைதான். கேட்கக் கூடாது என்று கட்டளையிட்டால் இன்னும் கூர்மையாகக் கேட்கும். அனுமதித்தால்தான் மங்கும்.

இணையத் தேடலுக்குத் தனிக் கண்டிப்பு வேண்டும். நோயைப் பற்றிய வீடியோக்களையும் குழுக்களையும் ஒரு மாதத்துக்கு விட்டுவிடுங்கள். அங்கே எழுதுபவர்களில் பெரும்பாலோர் மிகவும் துன்பப்படும் நாளில் எழுதுகிறார்கள். பழகிப்போனவர்கள் எழுதுவதை நிறுத்திவிடுகிறார்கள்.

ஆறாம் படி: நிசப்தத்திலும் இருட்டிலும் ஒளிந்துகொள்ளாதீர்கள்

இரைச்சலுக்குப் பயந்து நாள் முழுக்கக் காதில் பஞ்சு வைப்பவர்கள் உண்டு. புள்ளிகளுக்குப் பயந்து வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போடுபவர்களும் உண்டு. இரண்டும் நாளடைவில் எதிர்ப்பலனைத் தரும். வரும் ஒலி குறைந்தால் மூளை பெருக்கத்தை மேலும் கூட்டும். எப்போதும் இருட்டிலிருந்தால் சாதாரண வெளிச்சமும் கூசும். வெயிலில் தொப்பியும் குளிர்கண்ணாடியும் போடுங்கள், வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிடுங்கள். இளஞ்சிவப்புச் சாயமுள்ள எஃப்.எல்.-41 என்ற கண்ணாடி சிலருக்குக் கூச்சத்தைக் குறைக்கிறது. போட்டுப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

இரவுதான் கடினம். நம் ஊரில் ஆண்டில் பெரும்பகுதி மின்விசிறி ஓடுவதால் அதுவே ஒலிச் சிகிச்சையாகிவிடுகிறது. மார்கழிக் குளிரில் விசிறியை நிறுத்தும்போது, நோய் முற்றிவிட்டது என்று பலர் பயந்துபோகிறார்கள். விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள், அல்லது மழை ஓசையைப் போனில் மெல்லிதாக வையுங்கள். இரைச்சலை முழுவதும் மூழ்கடிக்கும் அளவுக்கு வைக்காமல், அதற்குச் சற்றுக் கீழே, இரண்டும் கலந்து கேட்கும் அளவில் வைப்பது நல்லது. இயர்போன் வேண்டாம், போனைப் படுக்கையிலிருந்து தள்ளி வையுங்கள். விழித்தபடி அரை மணி நேரம் கிடந்தால் எழுந்து போய் மங்கிய வெளிச்சத்தில் எதையாவது செய்துவிட்டு, தூக்கம் வரும்போது திரும்பி வாருங்கள்.

காய்ச்சல், தூக்கமின்மை, தேர்வு வாரம் வந்தால் இரண்டுமே ஏறும். சில நாளில் இறங்கும். அந்த நாட்களில் புதிய மருத்துவரைத் தேடாதீர்கள்.

ஏழாம் படி: படிப்பும் தேர்வும்

பிளஸ் டூ என்றாலே விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படிக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். ஊரே அடங்கிய அந்த நேரம்தான் இரைச்சல் உச்சத்தில் கேட்கும் நேரமும். ஆறு மணிக்குப் பால்காரர், குருவி, அடுக்களை ஓசைகளோடு படித்தால் அதே பாடம் வேகமாக ஏறும். உங்களுக்கு எந்த நேரம் ஒத்துவருகிறது என்று வீட்டில் எடுத்துச் சொல்லி நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

பளபளக்கும் வெள்ளைத் தாளில் புள்ளிகள் அதிகம் தெரியும். பழுப்பு நிறத் தாளுள்ள நோட்டு இருந்தால் அதில் எழுதுங்கள். திரையில் படிப்பதானால் பின்னணியை இளமஞ்சளாக மாற்றிப் பிரகாசத்தை அறை வெளிச்சத்துக்குச் சமமாக வையுங்கள். நெருக்கமான கோடுகளும் கட்டங்களும் அலைவதுபோல் தோன்றலாம். ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்பும்போது வினாத்தாளின் ஓரத்தை அந்த வரிசைக்குக் கீழே ஒட்டிப் பிடித்தால் கண் வரி மாறாது. இதை வீட்டிலேயே பழகிக்கொண்டு போங்கள்.

வகுப்பாசிரியர் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள். துடிக்கும் ட்யூப்லைட்டுக்குக் கீழும் வெயில் எதிரடிக்கும் சன்னலுக்கு எதிரிலும் உட்காராதபடி இடம் மாற்றித் தந்தாலே பெரிய உதவி. மருத்துவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று இருந்தால் இந்தப் பேச்சு எளிதாக முடியும். டியூஷன் முடிந்து இருட்டில் சைக்கிளில் வருபவர்கள் எதிரே வரும் வண்டியின் விளக்கு வால்போல் இழுபடுவதாகச் சொல்கிறார்கள். கூடியவரை பஸ்ஸிலோ யாராவது துணையோடோ வாருங்கள்.

எட்டாம் படி: மிச்சமிருக்கும் செவித்திறனைக் காத்துக்கொள்ளுங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்கள் 80 டெசிபலில் (டெசிபல் என்பது ஒலியின் அளவு) வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். சிறுவர்களுக்கு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். பெரியவர்களுக்கு 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10, 89 என்றால் 5, 92 என்றால் வாரத்துக்கே இரண்டரை மணி. பஸ் இரைச்சலை மீறிப் பாட்டு கேட்க இயர்போனில் ஒலியைக் கூட்டும்போது இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடுகிறோம். தீபாவளி வெடிக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவே 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல். வெடி, கோயில் திருவிழா ஒலிபெருக்கி, கல்யாண மண்டபத்து இசைக்கச்சேரி ஆகிய இடங்களுக்கு மட்டும் நுரைப்பஞ்சு அடைப்பானைப் பையில் வைத்திருங்கள். வெளியே வந்ததும் எடுத்துவிடுங்கள்.

ஒன்பதாம் படி: மனம் தாங்காத நாட்களில்

விஷுவல் ஸ்னோ உள்ளவர்களில் பலர், தாம் தமக்கு வெளியே நிற்பதுபோலவும் உலகம் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோலவும் உணர்வதாகச் சொல்கிறார்கள். இது பைத்தியம் பிடிப்பதன் அறிகுறி இல்லை. பதற்றம் ஏறும்போது ஏறும், இறங்கும்போது இறங்கும். ஆனால் சாப்பிடப் பிடிக்கவில்லை, நண்பர்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று வாரங்கள் நகர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இப்படி வாழ்வதைவிட இல்லாமல் இருக்கலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். இரவு இரண்டு மணிக்கும் அழைக்கலாம்.

பத்தாம் படி: இதை அம்மா அப்பாவிடம் படிக்கக் கொடுங்கள்

உங்கள் பிள்ளை சொல்வதை நம்புங்கள். அவர்கள் காணும் புள்ளிகளை எந்த ஸ்கேனும் உங்களுக்குப் படமாகக் காட்டாது. போன்தான் காரணம் என்று திட்டுவதால், அடுத்து வரும் உண்மையான ஆபத்து அறிகுறியையும் பிள்ளை உங்களிடம் மறைத்துவிடும். பாசத்தில் தினமும் 'இன்னும் கேட்கிறதா? இன்னும் தெரிகிறதா?' என்று கேட்காதீர்கள். பிள்ளை அரும்பாடுபட்டு மறந்திருந்த ஒன்றை நீங்கள் நினைவூட்டுகிறீர்கள். அதற்குப் பதில், இன்று பள்ளியில் என்ன நடந்தது என்று கேளுங்கள். முழுமையாகக் குணமாக்கித் தருவதாகப் பெரிய தொகை கேட்கும் யாரிடமும் பணம் கட்டாதீர்கள்.

பரிசோதனைத் தாள்களை எல்லாம் தேதி வாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். செவித்திறன் குறைந்திருந்தால் மருத்துவர் சொன்ன இடைவெளியில் ஆடியோகிராம் எடுத்துப் பழையதோடு ஒப்பிடுங்கள். இரண்டாம் படியில் சொன்ன ஏதாவது ஒன்று புதிதாக வந்தால் கோப்பை எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். வராதவரை அது அலமாரியிலேயே இருக்கட்டும்.